வாளி அத்தை

களைக்கொல்லி அடிக்கும் பெண்களில் அவளை மட்டும் எல்லாரும் வாளி அத்தை என்பார்கள். தைலமரத் தோட்டத்தில் முழங்கால் உயரக் கன்று ஒவ்வொன்றின் மேலும் வாளியைக் கவிழ்ப்பாள். சுற்றிலும் மருந்தடித்துவிட்டு, வாளியோடு அடுத்த கன்றுக்கு நகர்வாள். போன வருடம் காற்றில் பறந்த மருந்து பட்டு, வரிசை வரிசையாகக் கன்றுகள் சுருண்டு கருகின. பிடுங்கிவிட்டு மறுபடி நட்டதில் அவள் இடுப்பு விட்டுப்போயிற்று.

மேஸ்திரி வேறு யாருமில்லை, அவளுடைய மாப்பிள்ளையே. கேட்க வேண்டுமா?

“அத்தை, உங்களால வேலை ஆமையா நகருது. எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும் மாப்பிள்ளை. சிரிப்பு பட்டுக் கன்னு கருகாது.”

மாமியாரைத் திட்டவும் முடியாமல், விடவும் மனமில்லாமல், வாளியைப் பிடுங்கிக் கொட்டகையில் வைத்துப் பூட்டினான்.

மாப்பிள்ளைக்கு எதிரே குரலை உயர்த்தும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மதியம் சாப்பிடக் கிளம்பியவன், பைக்கில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் காணாமல் தேடினான். அது மூன்றாம் வரிசையில் ஒரு கன்றின் தலையில் இருந்தது. சுற்றிலும் களை மருந்தில் நனைந்திருந்தது.

“அத்தை! அது என் ஹெல்மெட்!”

“தெரியும் மாப்பிள்ளை. வாளியைக் கொண்டாந்து வெச்சுட்டு எடுத்துட்டுப் போங்க.”