கன்னத்தில் படாத அறை

சூறாவளி என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவள் வீட்டுக்காரர் ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால் மட்டும்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் குண்டு எறிந்தவள். பஸ் டெப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அரங்கம் ஒன்றில் பெண்கள் மல்யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பத்தொன்பது வயதில் அங்கே போய் நின்றாள். பதினாறு வருஷம் அங்கேயே ஓடிப்போயிற்று. அதில் பதினொரு வருஷம் நாகம் என்கிறவளோடுதான் சண்டை. வாரம் மூன்று காட்சி. மேடையில் ஒருத்தி குடலை ஒருத்தி உருவுவதாகச் சபதம் போடுவார்கள். உள்ளே போனதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி முதுகுக்கு ஒருத்தி தைலம் தேய்த்துவிடுவார்கள்.

சூறாவளியின் அறை அங்கே பேர்போனது. அவள் கை வீசினால் கடைசி வரிசையில் இருக்கிறவன்கூடத் தன் கன்னத்தைத் தடவிக்கொள்வான், அத்தனை சத்தம். ஆனால் கைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும். அப்படியானால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பதினாறு வருஷம் அவள் வாய்திறக்காத விஷயத்தை நான் போட்டு உடைத்தால் நன்றாக இருக்காது.

அரங்கத்தில் இருந்தது ஒரே சட்டம்தான்: வெளியே சொல்லாதே. எல்லாம் பேசிவைத்த சண்டை என்று டிக்கெட் வாங்குகிறவனுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்து பார்ப்பதில்தான் அவனுக்குச் சந்தோஷம். "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கறது வேற, நாமளே போய்ச் சொல்றது வேறடி" என்பாள் நாகம்.

பிறகு சூறாவளியின் இடது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். சீரியலில் கதாநாயகியைப் படுத்தி எடுக்கும் பெரியம்மா ஒருத்தி. அவளுக்குப் பாதுகாப்பாக ஒரு பலசாலிப் பெண் வேண்டுமாம். சூறாவளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நடிகையாகப் போகிறோம் என்று நினைத்தாள் பாவம்.

பதினான்கு மாதம் பெரியம்மாவுக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். பெரியம்மா உட்கார்ந்தால் இவள் நிற்க வேண்டும், பெரியம்மா எழுந்தாலும் நிற்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கிடைக்கவில்லை. வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

"சார், எனக்கு ஏதாவது ஒரு டயலாக்..."

"உங்க உடம்பே பேசுதே மேடம், வாய் எதுக்கு?" என்றார் இயக்குநர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூறாவளியும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பை உதறின உதறலில் ஒன்று கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தினமும் சாயங்காலம் அவர் பெரியம்மா வசனத்தைப் படிக்க, இவள் கண்ணாடி பார்த்துப் பதில் பேசிப் பழகுவாள். "அடி பாவி, என் குடியைக் கெடுத்துவிட்டாயே" என்பதை அவர் "கதவு மூடும்போது கையை நீட்டாதீர்கள்" என்கிற குரலில்தான் படிப்பார். அந்த லட்சணத்தில் ஒத்திகை நடந்தும் அவள் விடவில்லை. அடுத்து ஆரம்பிக்கப்போகும் சீரியலில் ஒரு இன்ஸ்பெக்டர் வேஷம் இருந்தது. பேசுகிற வேஷம், பக்கம் பக்கமாக வசனம். "ஒரு சீன்ல நடிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வேஷம்தான்.

அந்த சீனும் வந்தது. கதாநாயகியை அறைந்துவிட்டு, "இனிமே உன்னை இங்க பாக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். ஐந்தே வார்த்தை. ஒரு வாரம் தூங்கி எழுந்ததெல்லாம் அந்த ஐந்து வார்த்தையோடுதான்.

"சும்மா கையை வீசுங்க. சத்தத்தை அப்புறம் சேத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

அப்படியே செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பதினாறு வருஷம் முழுவேலை செய்து பழகினவளுக்குச் சும்மா கை வீசத் தெரியவில்லை. கதாநாயகியிடம் போய், "தொடவே மாட்டேம்மா. சத்தம் மட்டும் பலமா வரும், பயந்துடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

கேமரா ஓடியது. சூறாவளி அறைந்தாள். கூடம் அதிர்ந்தது. காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டான் ஒலிப்பதிவுக்காரன். கதாநாயகி அரண்டுபோய் சோபாவில் விழுந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். "கட், கட்" என்று இயக்குநர் ஓடிவந்தார். கன்னம் சிவந்திருக்கிறதே என்று ஐஸ்கட்டி கேட்டார் ஒருவர். அந்தச் சிவப்பு காலையில் மேக்கப்காரம்மா பூசியது. அதை யாரிடம் சொல்வது? வாய்வரை வந்த ஐந்து வார்த்தையை விழுங்கிக்கொண்டு நின்றாள் சூறாவளி.

யாரோ போனில் எடுத்த படம் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பொறாமையில் அடித்தாளாம், மிருகமாம். காய்கறிக்கடையில் ஒரு அம்மாள் பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தையில் இதையெல்லாம் முடித்திருக்க வேண்டியவள் கதாநாயகி. அவள் என்ன செய்தாள் தெரியுமா? "நடிப்புக்காக எதையும் தாங்கிப்பேன்" என்று கண்ணைத் துடைத்தபடி பேட்டி கொடுத்தாள். பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. சாமர்த்தியக்காரி.

மறுநாள் சேனலில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"ரெண்டு வழி இருக்கு. ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சியில வந்து மன்னிப்புக் கேளுங்க. இல்லையா, அடிக்கலன்னு நிரூபிங்க. எப்படி சத்தம் வருது, எப்படி விழறீங்க, எல்லாத்தையும் செஞ்சு காட்டுங்க. மல்யுத்த ரகசியங்கள்னு அரை மணி நேரம் போட்டுடலாம். ரெண்டும் முடியாதுன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் இயக்குநர்.

"அப்ப அந்த இன்ஸ்பெக்டர்..."

"முதல்ல இது முடியட்டும் மேடம்."

வீட்டுக்காரருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. "செஞ்சு காட்டிட்டு வந்துடேன். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே?"

"ஊருக்குத் தெரியும். நான் சொல்லக் கூடாது. நான் அரை மணி நேரம் பாடம் நடத்திட்டு வந்துடுவேன், அடுத்த வாரம் நாகம் கை வீசும்போது முன்வரிசைக்காரன் சிரிப்பான். அவ எங்க போவா?"

"அதுக்காகச் செய்யாத தப்பை ஒத்துக்குவியா?"

"போய்ப் படுங்க" என்றாள். பட்டப்பகல் என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதாநாயகிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெளிச்சம் முகத்தில் அடித்தது. "ஆமா, அடிச்சேன். கை தவறிடுச்சு. மன்னிச்சுடும்மா" என்றாள் சூறாவளி. குரல் உடைந்தது, கண் நிறைந்து வழிந்தது. இப்படி ஒரு நடிப்பு அவளுக்கே அதுவரை வந்ததில்லை. கதாநாயகி அவள் முகத்தைப் பார்க்காமல், "பரவாயில்லக்கா" என்று மடியைப் பார்த்துச் சொன்னாள். ஸ்டூடியோவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குநர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனசார வருத்தப்பட்டீங்க மேடம், முகத்துலயே தெரிஞ்சுது. நடிப்புன்னா இப்படி வராது."

"அப்ப அந்த இன்ஸ்பெக்டர் வேஷம் சார்?"

"அதுக்கு நடிக்கத் தெரிஞ்சவங்க வேணும். வேற ஒருத்தங்களைப் பேசிட்டோம். நீங்க பழையபடி பெரியம்மா பின்னாடி வந்து நில்லுங்க."

சூறாவளிக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளைத் தலைக்குமேல் தூக்கியிருக்கலாம். தூக்கத் தெரியாதவளும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் பிடித்தாள். போகட்டும், நாகத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அது போதும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நாகமே போன் செய்தாள். சூறாவளிக்கு அப்பாடா என்றிருந்தது.

"பாத்தேன்டி நேத்து" என்றாள் நாகம். "ஏன்டி அப்படிச் செஞ்ச? பதினொரு வருஷத்துல உன் கை என் கன்னத்துல ஒரு நாள் பட்டதில்ல. டிவிக்குப் போனதும் எல்லாம் மறந்துபோச்சா? சின்னப் பொண்ணுடி அது."

"நாகம், நான் தொடவே இல்லடி."

"என்கிட்டயுமா? உன் நடிப்பு எது, நிஜம் எதுன்னு எனக்குத் தெரியாதா? நேத்து நீ அழுதது நிஜம்."

கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றாள் சூறாவளி.

"உங்களுக்காகத்தான்டி அப்படிச் சொன்னேன். இல்லேன்னா எல்லாத்தையும் செஞ்சு காட்டச் சொன்னாங்க."

நாகம் பேசியபோது குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "சரி, விடு. இங்க புதுசா ரெண்டு பொண்ணுங்க சேந்திருக்கு. உன்னைத்தான் கத்துக்குடுக்கக் கூப்பிடலாம்னு இருந்தோம். இப்ப அவங்க வீட்டுல பயப்படறாங்க. நானும் எந்த முகத்தோட 'அவ அடிக்க மாட்டா'ன்னு சொல்றது? கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே."

நான் தொடவில்லை என்று இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தாள் சூறாவளி. நேற்று அடித்தேன் என்று சொன்னபோது வந்த அதே நடுக்கம் குரலில் ஏறியிருந்தது. "சரிடி" என்று மட்டும் சொன்னாள்.