கஞ்சியில் உரிந்த இலை

சலவைக்குப் போய் வந்த வேட்டியை நேற்றுப் பிரித்தேன். கஞ்சி வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கு அது சலவைக்கடை வாசனையாக இருக்கும். எனக்கு நரிக்குடிப் பக்கத்தில் கல் வெட்டியெடுக்கும் கிடங்குதான் ஞாபகம் வரும். தறிக்காரனுக்குக் கல்கிடங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அது யுத்தகாலம். நூல் கிடைக்காமல் அருப்புக்கோட்டையில் தறியெல்லாம் சும்மா கிடந்தது. நானும் என் மனைவி நாகம்மாவும் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, மேட்டுக்கு மேடு இறங்கி அதைத் தள்ளியும் விட்டு, கல் உடைக்கப் போனோம்.

கிடங்கின் ஒரு மூலையில் மட்டும் ஏடு ஏடாகப் பிரியும் கல். பிளந்தால் உள்ளே இலை இருக்கும், கறுத்துப்போய், கல்லோடு ஒட்டிக்கொண்டு. மனுஷனே பிறக்காத காலத்து இலையாம். மெட்ராஸிலிருந்து காலேஜ் வாத்தியார் ஒருவர் அதற்காகவே கூடாரம் அடித்திருந்தார். முழு இலை ஒன்று கிடைத்தால் கோடை முழுக்க எங்களுக்கு வேலை. இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு கூடாரத்தைப் பிரித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை கிடைத்தது. முழங்கை நீளம். ஆசையாக நான்தான் தூக்கினேன், இரண்டாக விண்டுபோனது. வாத்தியார் திருச்சுழிக்குப் போயிருந்தார். சோற்றுக் கஞ்சியைக் குழைத்து ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை, ஓரிடம் விடாமல் பூசினால்தான் அதற்குத் திருப்தி. இலை முழுக்கச் சீராகப் பூசிவிட்டேன்.

"அம்புட்டையும் ஏன் பூசுறீக?" என்றாள் நாகம்மா. நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் வெயிலில் கஞ்சி காய்ந்து, ஓரம் கிளம்பி, மெல்லிய தோலாக உரிந்து வந்தது. கல்லைப் பார்த்தால் அதில் இலை இல்லை. அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்து நிற்கிறார்.

"யார் செஞ்ச வேலை இது?"

"இவதான் சார்" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் சொன்னேன். நாகம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வாத்தியார் அந்தக் கஞ்சித் தோலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவில் ஒரு கீறல் தவிர இலை முழுசாக அதில் ஒட்டியிருந்தது. கல்லில் தெரியாத நரம்பெல்லாம் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதேமாதிரி இன்னொண்ணு எடுத்துத் தர முடியுமாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

கோடை முழுக்க நாகம்மா கூடார நிழலில் உட்கார்ந்து, ஊசியால் மண்ணைச் சுரண்டி, கஞ்சி பூசி, இலை உரித்தாள். நான் வெயிலில் கல் சுமந்தேன். வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு; குத்திக்காட்ட மட்டும் அவள் தமிழுக்கு வருவாள். "அடுத்த தடவையும் எம்பேரையே சொல்லுங்க. மேஸ்திரி ஆக்கிருவாக." அத்தனை சிரித்த கோடை எங்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அந்தக் கிடங்கை இப்போது மூடி பிளாட் போட்டுவிட்டார்கள். நாகம்மா போய் ஏழு வருஷம். பழி போட ஆள் இல்லாமல், இப்போதெல்லாம் என் தப்பை நானே ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.