ஜன்னலோரம் வைத்த போன்

இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதக் கடைசியில் தொடங்கியது இது. மண்ணூர்பேட்டையில் ஐந்து குடித்தனம் உள்ள காம்பவுண்டில் நானும் என் மகளும் இருக்கிறோம். அவள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போய்விட்டால் மாலை வரை நான் தனி. யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். படிப்பும் ஐந்தாவதோடு சரி.

பக்கத்துப் போர்ஷனுக்கு ஒரு தம்பி தனியாகக் குடி வந்தார். பாடிப் பக்கம் லேத் பட்டறையில் வேலை, நைட் ஷிப்ட். காலையில் வந்து சோறு பொங்கும்போது போனில் ஒரு சொற்பொழிவைப் போடுவார். பெரியவர் ஒருவர் ஏதோ மொழியில் பேசுவார், இன்னொருவர் அதைத் தமிழில் சொல்லுவார். அந்தப் பெரியவர் இறந்து பல காலம் ஆகிறதாம். இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் பாதிப் பேர் கும்பிடுகிறார்கள், பாதிப் பேர் காறித் துப்புகிறார்கள்.

நீ கும்பிடுவது சாமியையா, உன் பயத்தையா என்று ஒரு நாள் அந்தக் குரல் கேட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு முறத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். மாமியார், வீட்டுக்காரர், ஹவுஸ் ஓனர், அம்மன் என்று எல்லோரிடமும் எனக்கு இருந்தது ஒரே பயம்தானோ, அதைத்தான் மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் பேச்சு பாதியில் நின்றபோது, “இன்னா தம்பி, நிறுத்திட்டீங்க?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். “சார்ஜ் பூடுச்சு ஆயா” என்று சிரித்தார். மறுநாளிலிருந்து போனை என் ஜன்னலோரமே வைத்தார்.

ஆடி பிறந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது வருடா வருடம் நான்தான் கூழ்ப்பானை தூக்குவேன். அதற்காகக் கையில் காப்பு கட்டியிருந்தேன். குழாயடியில் எல்லாப் பெண்களும் நிற்கும்போது ஹவுஸ் ஓனரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஆடி மாசத்துல சாமியக் கேள்வி கேக்குற பேச்சப் போட்டுகினு கீறான். காலி பண்ணச் சொல்லிடலாம்னு கீறேன். பக்கத்துல கீறவ நீ. உனக்குத் தொந்தரவா இல்ல?”

“ஆயாவயே கேளு. காப்பு கட்டினவ, வாயில பொய் வராது” என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“ஆமாம்மா, தொந்தரவாதான் கீது” என்றேன்.

அன்றோடு அந்தக் குரல் நின்றது. ஆடியில் யாரும் வீடு மாற்றமாட்டார்கள் என்பதால், ஆயாவுக்குத் தொந்தரவாம் என்று அவரிடம் என்னைக் காட்டியே ஆவணியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நானும் ஓனரம்மா வீட்டுப் படி ஏறினேன். கடைசியில் இன்றைக்கு மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கூழ் ஊற்றும் அன்று பானையோடு தெருவில் நடந்தபோது ஜனங்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். கால் கூசியது. அந்தத் தம்பியும் வாசலில் ஒரு குடம் தண்ணீரோடு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆவணியில் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிவிட்டு என் ஜன்னலண்டை வந்தார்.

“ஆயா, நீங்க ஆசையா கேக்குறீங்கன்னு நெனச்சிகினு இங்க வெச்சிட்டேன். தொந்தரவுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. மனசுல வெச்சிக்காதீங்க, மன்னிச்சிடுங்க.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை.

“பரவால்ல தம்பி” என்றேன்.

இப்போது அந்தச் சொற்பொழிவை மகள் என் போனில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தினமும் கேட்கிறேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. ஓனரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் விரல் தானாகப் போய் நிறுத்திவிடுகிறது. பயத்தைப் பற்றி அந்தப் பெரியவர் சொன்னதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அந்தத் தம்பி என்னிடம் கேட்டுவிட்டுப் போனதும், பெரிய மனுஷி மாதிரி நான் அவரை மன்னித்து அனுப்பியதும்தான் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.