எஸ்தரம்மா கோடு போட்ட கட்டம்

வியாழக்கிழமை காலை, மீஞ்சூரில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து எஸ்தரம்மாவின் மனுவைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் மகள் கிரேஸ் போன் செய்தாள். "அம்மா போயிட்சு சார். எழுப்பப் போனேன், எழுந்துக்கல" என்றாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. மனுவில் இன்னும் இரண்டு பத்தி பாக்கி. இனி யாருக்காக முடிப்பது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

கும்மிடிப்பூண்டி ஓடைக்கரைத் தெருக்காரர்களுக்கு நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களோடு நாற்று நட்டவர். நிலமெல்லாம் தொழிற்பேட்டை ஆன பிறகு உங்களோடு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனவர். எனக்கோ அவர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். நகரமைப்பு அலுவலகத்தில் நான் வரைவாளனாக இருந்தேன். எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை வரலாம் என்று காட்டும் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. உங்கள் தெருவுக்கு ஊதா அடித்தது இந்தக் கைதான்.

அந்தப் படத்தைக் கல்யாண மண்டபச் சுவரில் மாட்டி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோம். எஸ்தரம்மா தன் தெருவைக் காட்டச் சொன்னார். மஞ்சள் என்றால் குடியிருப்பு, ஊதா என்றால் தொழிற்சாலை என்று விளக்கினேன். ஊதாவில் வீட்டுக்கு அனுமதி கிடையாது, அரசு வீட்டுத் திட்டப் பணமும் வராது, ஷீட் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட முடியாது என்றும் சொன்னேன்.

"அப்போ நாங்க இருக்கிறதெல்லாம் இன்னா சார், கம்பெனியா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்தால் நிறத்தை மாற்றிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். அடுப்பில் உலை வைத்திருந்தவர்களையும், ஷிப்டு முடிந்து படுத்தவர்களையும் எழுப்பிக் கூட்டிவந்தார். வரிசையில் நிறுத்திக் கையெழுத்துப் போடவைத்தார். வருகைத் தாளை நீட்டியவன் நான். நாலு பக்கம் நிறைந்தது.

சில மாதம் கழித்து, தகவல் அறியும் உரிமையில் கூட்ட அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கலந்துகொண்டவர்கள் எவரும் எழுத்துமூலம் ஆட்சேபிக்கவில்லை என்று அதில் இருந்தது. அதற்குச் சான்றாகப் பின்னால் அந்த நாலு பக்கக் கையெழுத்து. வழக்கமாக இப்படித்தான் எழுதுவது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "நான் கூப்ட்டுத்தான சார் வந்தாங்க. தெருவுல எப்டி நடப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் எந்தக் கூட்டமானாலும் எஸ்தரம்மா வருகைத் தாளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். ஒவ்வொருவரும் பெயருக்கு அருகில் 'ஆட்சேபணை' என்று எழுதிவிட்டுத்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். கைநாட்டு வைப்பவர்களுக்கு அவரே எழுதுவார். அதற்கெல்லாம் கட்டம் இல்லை என்று ஒரு அதிகாரி எரிந்து விழுந்தார். எஸ்தரம்மா பையிலிருந்து அடிஸ்கேலை எடுத்து, தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டார். "கட்டம் போட்டுட்டேன் சார்" என்றார். என் சர்வீஸில் அப்படியொரு அழகான கோட்டை நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றபின், தெருவை மஞ்சளாக மாற்றக் கேட்டு அவருக்கு நான் மனு எழுதிக் கொடுத்தேன். செய்ததற்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன், வேறு பெருமை இல்லை. கூட்டங்கள் எப்போதும் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. போனால் ஒருநாள் சம்பளம் போகும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று எத்தனை மனு! ஒரே ஒருமுறை ஞாயிறன்று வைத்தார்கள். தெரு முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது, அதிகாரிதான் வரவில்லை. திரும்பும்போது, இனி விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். "பேஜாராத்தான் கீது சார். வராம இருந்தா சரின்னு எழுதிக்குவாங்களே" என்றார்.

அந்த ஷீட் கூரைக்குக் கீழேதான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெக்கை தாங்கவில்லை. சவப்பெட்டி நுழையாத வாசல் என்பதால் உடம்பைக் கையில் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தோம். அந்த வாசலை அகலப்படுத்தத்தான் முதல் மனுவே எழுதினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டம் நடந்தது. கிரேஸ் அம்மாவின் பையோடு வந்திருந்தாள். மனுதாரர்கள் பட்டியலில் எஸ்தரம்மாவின் பெயரைப் படித்தார்கள். இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் அந்த மனுவை முடித்துவிடலாமா என்று, என் பழைய நாற்காலியில் இருக்கும் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மாதான் போச்சு சார். ஊடு அங்கயேதான் கீது" என்றாள் கிரேஸ்.

வருகைத் தாள் என்னிடம் வந்தது. முப்பது வருஷம் அந்தத் தாளை எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட அதில் என் பெயரை எழுதியதில்லை. கிரேஸ் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள். எஸ்தரம்மாவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஸ்கேல்தான், முனை உடைந்தது. உடைந்த முனையில் கோடு கோணலாக விழுந்தது. என் பெயரை எழுதி, பக்கத்தில் ஆட்சேபணை என்று எழுதினேன்.

உங்கள் தெரு இன்னும் ஊதாவில்தான் இருக்கிறது, எஸ்தரம்மா.