லாரன்ஸுக்காக ஸ்கேல் இறக்கினோம்

சுகமளிக்கும் கூட்டத்தில் பாட வருகிறவனுக்குத் தொண்டை கட்டக் கூடாது. எங்கள் பேண்டில் இதை யாரும் விதியாகச் சொன்னதில்லை. திருவொற்றியூரில் ஒரு மைதானத்தில், சவுண்ட் செக்கின்போது, எங்கள் பாடகன் லாரன்ஸ் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். மேடைக்குக் கீழே நின்றிருந்த பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். லாரன்ஸ் அவரைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு கீபோர்டு வாசிக்கும் டேனியின் காதருகே போனான்.

"அரை ஸ்டெப் எறக்கு மாமு. யார்டுல தூசி ஜாஸ்தி."

"போன கூட்டத்துலதானேண்ணே எறக்குனோம்? இப்டியே எறக்கிகினு போனா பாட்டு பாதாளத்துக்குப் பூடும்."

"பாதாளத்துலயும் ஆத்துமா கீதுடா. போடு."

டேனி ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினான். அவனுக்கு வேலை அவ்வளவுதான். விரல்கள் பழகிய இடத்திலேயே இருக்கும், சுருதி மட்டும் இறங்கிவிடும். கிடார்காரருக்கும் பேஸ் கிடார் வாசித்த எனக்கும் அப்படி இல்லை. தந்திகளைத் தளர்த்த வேண்டும். என் நான்காவது தந்தி ஏற்கெனவே தொளதொளத்துக் கிடந்தது.

எங்களைக் கூப்பிட்ட காரணம்

நாங்கள் ஐந்து பேர். ராயபுரத்தில் ஒரு கோயிலின் பாடகர் குழுவில் தொடங்கியவர்கள். டிஸ்டார்ஷன் போட்டு அலறும் கிடாரைப் பூசைக்குள் விட முடியாது என்று பங்குத்தந்தை சொன்னார். அது நியாயம்தான். அதன்பின் இளைஞர் முகாம்கள், கிறிஸ்துமஸ் மேடைகள், எழுப்புதல் கூட்டங்கள். லாரன்ஸ் எண்ணூர்ப் பக்கம் ஒரு நிலக்கரி யார்டில் லாரி ஓட்டினான். நான் ஒரு செய்தித்தாளில் புரூஃப் பார்த்தேன்.

எங்களைக் கூப்பிட்டவர்கள் ராக்குக்காகக் கூப்பிடவில்லை என்பது போகப்போகப் புரிந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது லாரன்ஸின் சாட்சி. இளம் வயதில் மஞ்சள் காமாலை முற்றி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அவன். வீட்டில் ஜெபித்தார்கள், எழுந்து உட்கார்ந்தான். மேடையில் அதைச் சுருக்கமாகச் சொல்வான். சொல்லி முடித்ததும் டிரம்ஸ் நுழையும். அதை வைத்து அவனே எழுதிய பாட்டு E ஸ்கேலில் தொடங்கும். கடைசிச் சரணத்தில் குரல் உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். ஜனங்கள் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார்கள்.

அவன் நடிக்கவில்லை. நம்பினான். மேலே படிப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஸ்டெல்லாவின் கேள்வி

ஒரு நாள் ரிகர்சல் முடிந்து அவன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் மனைவி ஸ்டெல்லா டம்ளரை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஊர்ல கீற நோவுக்கெல்லாம் பாடுற. உன் தொண்டைய ஒரு டாக்டராண்ட காட்டுறதுக்கு இன்னா?"

"ஈஎன்டி வாசல்ல நம்ம கூட்டத்து ஆளு ஒர்த்தன் பாத்தான்னு வெச்சுக்க. 'லாரன்ஸுக்கே சுகம் ஆவல'ன்னு எல்லா ஏரியாவுக்கும் பூடும். அப்பால என் சாட்சிய எவன் கேப்பான்?"

"சாட்சி சொல்றதுக்குத் தொண்ட வேணாமா?"

"தூசிடீ இது. இந்த ஏரியாவுல இருமாதவன் எவன் கீறான், காட்டு."

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் யாராவது இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

யாருக்கும் தெரியாமல் தாம்பரம் பக்கம் ஒரு டாக்டரிடம் போகலாம் என்றேன். "தாம்பரத்துலயும் நம்ம வீடியோ பாக்குறாங்க மச்சான்" என்றான், பெருமையாக. ஸ்டெல்லா விடவில்லை. கடைசியில் இறங்கி வந்தான்.

"எர்ணாவூர் கூட்டம் முடியட்டும். திங்கக்கெழம வரேன். போதுமா?"

எர்ணாவூர்

அதற்குள் பாட்டு E-யிலிருந்து C-க்கு இறங்கி வந்திருந்தது. சாட்சியை லாரன்ஸ் ஏறக்குறைய கிசுகிசுப்பாகவே சொன்னான். முடிக்கும் முன்பே பாஸ்டர் மேடையேறி அவன் தொண்டையில் கை வைத்தார்.

"கர்த்தர் இப்ப எனக்குக் காட்டுறார். நம்ம லாரன்ஸ் பிரதரோட தொண்டையில ஒரு கட்டு இருக்கு. அந்தக் கட்டு இந்த நிமிஷம் அவிழுது!"

பாஸ்டர் பேசும்போதெல்லாம் அடியில் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் ஒலியைப் பிடித்துக்கொண்டிருப்பது டேனியின் வேலை. இதைப் பேட் என்போம். அது ஓடினால் சாதாரண வாக்கியமும் வானத்திலிருந்து இறங்குவதுபோலக் கேட்கும். அன்றும் பிடித்திருந்தான். டிரம்மர் சிம்பலை மெல்ல உருட்டினார். நானும் அடித்தந்தியை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். யாரும் யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கம்.

"பிரதர், பழைய உயரத்துல பாடுங்க!" என்றார் பாஸ்டர். மைதானம் எழுந்து நின்றது.

லாரன்ஸ் டேனி பக்கம் திரும்பினான். கண்கள் நனைந்திருந்தன.

"E-ல போடு."

"அண்ணே, வேணாண்ணே."

"போடுறா. எனக்கு ஆயிடுச்சு."

பாடினான். முதல் சரணம் எப்படியோ வந்தது. கடைசிச் சரணத்தில், என் காலடியில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரில் வெறும் காற்றுதான் கேட்டது. கீழே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அந்த உச்சியை அவர்களே பாடினார்கள். பாடிவிட்டு அழுதார்கள், கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது ஸ்டெல்லா புடவை மாற்றித் தயாராக நின்றாள். லாரன்ஸ் யார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"சுகம் ஆனவன் ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா அர்த்தம்? நடந்தத நானே இல்லைன்ற மாதிரி ஆவும்."

"அப்போ எனக்குக் குடுத்த வாக்கு?" என்றாள்.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

அடுத்த கூட்டத்தின் போஸ்டரில் அவன் படம் இருந்தது; கீழே, 'தொண்டைக்கட்டு நீங்கப்பெற்றவர்'. பாட முடியாததால் பழைய ரெக்கார்டிங்கை ஓடவிட்டார்கள். லாரன்ஸ் மைக்கைப் பிடித்து வாயசைத்தான். தன் பழைய குரலுக்கு வாயசைக்கிற ஒருவனுக்குப் பின்னால் நின்று வாசிப்பது என்னவென்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி

மூச்சு அடைத்த பிறகுதான் அவனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. கட்டி என்றார்கள், பரிசோதித்துவிட்டுப் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தார்கள். டாக்டர் ஸ்டெல்லாவிடம், "குரல் கரகரன்னு மூணு வாரம் நீடிச்சாலே காட்டணும்மா. முன்னாடியே வந்திருந்தா குரல் மிஞ்சியிருக்கலாம்" என்றார். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

பேண்ட் அத்தோடு நின்றது. எர்ணாவூர்க் கூட்டத்தின் வீடியோ சுற்றுவது நிற்கவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லி டேனி பாஸ்டரிடம் போனான். "அந்த நேரத்துல தேவன் செஞ்சத நான் எப்படி பிரதர் அழிக்கிறது?" என்றாராம். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சில மாதம் கழித்து லாரன்ஸைப் பார்க்கப் போனேன். கழுத்துத் துளையின் மேல் துணி கட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் கேட்காமலேயே போனில் தட்டி என் பக்கம் திருப்பினான்.

'அன்னிக்கு எனக்கு சுகம் ஆச்சு மச்சான். நான்தான் அதைக் காப்பாத்திக்கல.'

இரண்டாம் முறை படித்தேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவன் சிரித்துத் தலையாட்டினான், ஆறுதல் தேவைப்படுவது எனக்குத்தான் என்பதுபோல.

இந்த மேடைகளுக்கு இப்போது வாசிக்கப் போகும் தம்பிகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். மேடையில் ஒருவர் இன்னொருவரின் உடம்பைப் பற்றி அறிவிக்கத் தொடங்கினால், பேட் ஒலியை அணைத்துவிடுங்கள். தந்தியிலிருந்து கையை எடுங்கள். மைக்கில் அந்த மனிதரின் வெறும் குரல் மட்டும் கேட்கட்டும். கேட்பவனுக்கு அப்போதாவது, இதைச் சொல்வது ஒரு மனிதர் என்று தெரியும்.