பருத்திக் கொட்டகை நர்ஸ்

காரமடைக்குத் தெற்கே ஒரு தோட்டம். அங்கே பழைய பருத்திக் கொட்டகையின் வாசலில் கிருபாவதி உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது. எதிரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தவமலர். தன் அண்ணன் எப்படிச் செத்தான் என்று முப்பத்தெட்டு வருடமாகத் தெரியாதவள். அன்று அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் முஸ்தபாவின் மகள் கொடுத்த நம்பரை வைத்துத் தேடி வந்திருந்தாள். அவனைப் புதைத்த வேலியோரத்தைக் காட்டியாயிற்று. செத்த விதத்தைச் சொல்வதா, மென்று விழுங்குவதா என்றுதான் காலையிலிருந்து கிருபாவதிக்கு முடிவாகவில்லை. அதை அறிந்தவர்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்.

எண்பத்தெட்டில், இலங்கைச் சண்டையில் அடிபட்ட பையன்களைத் தோட்டத்துச் சொந்தக்காரர் திருமூர்த்தி இந்தக் கொட்டகையில் ஒளித்து வைத்து வைத்தியம் செய்வித்தார். பிடிபட்டால் ஜெயில். அதற்கெல்லாம் அஞ்சுகிற ஆளில்லை அவர். ஒன்பது கயிற்றுக் கட்டில், சலைன் பாட்டில் தொங்க உத்தரத்தில் ஆணிகள், கோவையிலிருந்து வாரம் இரண்டு முறை வந்துபோன டாக்டர் முஸ்தபா, இவ்வளவுதான் ஆஸ்பத்திரி. நர்ஸ், மாதா கோயில் சிஸ்டர்கள் தயவில் படித்த கிருபாவதி. அவள் அப்பா மாரப்பன் அந்தத் தோட்டத்துப் பண்ணையாள். வாய் திறக்காத குடும்பம் என்று நம்பிக் கூப்பிட்டார்கள்.

குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தெல்லாம் திருமூர்த்தியின் வீட்டுச் சமையற்கட்டில், ஃபிரிட்ஜில் இருந்தது. வேண்டும்போது அவள் படிக்குக் கீழே நின்று, "பண்ணாடிச்சி" என்று கூப்பிடுவாள். திருமூர்த்தியின் மனைவி எடுத்து வந்து படியில் வைப்பாள். கையில் கொடுப்பதில்லை. கிருபாவதியின் ஜாதிக்கு அந்தப் படிக்கு மேலே இடமில்லை. அதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகியபோதே பழகிக்கொண்டது.

மாசித் தேர் அன்று வீட்டார் எல்லோரும் காரமடைக்குப் போயிருந்தார்கள். நல்ல மத்தியானம். கால் எடுத்திருந்த தவமலரின் அண்ணனுக்குத் தொடையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. கிருபாவதி இறுக்கிக் கட்டி நிறுத்தினாள். அதற்குள் கட்டிலுக்குக் கீழே குளம். பையன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. மறுநாள் ஆபரேஷனுக்கென்று அவனுக்குச் சேரும் ரத்தம் இரண்டு புட்டி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. ஏற்றினால் பிழைப்பான்.

ஓடினாள். படிக்குக் கீழே வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. பின்னாலேயே வந்த மாரப்பன், "வேண்டாங் கண்ணு," என்றார். "பண்ணாடி வந்து எடுத்துக் குடுக்கட்டும். நான் ஒரே எட்டுல கூட்டியாந்தர்றேன்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு நாலு மைல் போனார். தேர்க் கூட்டத்தில் தேடினார். இங்கே கிருபாவதி பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கேட்டபோதெல்லாம் உதட்டை நனைத்தாள். கார் வந்து நின்றபோது கை சில்லிட்டிருந்தது.

திருமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஏம்புள்ள, உள்ள போயி எடுத்துக்க வேண்டீதுதானே? யாரு உன்னையத் தடுத்தா?"

நல்ல மனிதர். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. மாரப்பன் சாகும்வரை தேர்ப் பக்கம் போகவில்லை. கிருபாவதி பிறகு முப்பது வருடம் ஆஸ்பத்திரி வேலை பார்த்தாள். எந்தக் கதவையும் தட்டாமல் திறந்துகொண்டு நுழைகிறவள் என்று வார்டெல்லாம் திட்டு வாங்கினாள். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

"செய்யக்கூடியதெல்லாம் செய்தனீங்கள்தானே, அக்கா?" என்றாள் தவமலர். "அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவளும் நிம்மதியாக ஊர் போய்ச் சேருவாள். கிருபாவதிக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"ரத்தம் இருந்துதுங்க, அம்மணி. அந்த ஊட்டுக்குள்ள, ஃபிரிட்ஜுல. நாங்க எடுக்காம உட்டுட்டோமுங்க."

தவமலர் திரும்பி வீட்டைப் பார்த்தாள். முப்பது அடிகூட இருக்காது. "வீட்டைப் பூட்டிப்போட்டுப் போயிட்டினமோ?" என்று கேட்டாள்.

"இல்லீங்க," என்றாள் கிருபாவதி. "தொறந்துதானுங்க கெடந்துச்சு."