யுட்டா சுமந்து வந்த பார்வை

ரூர் ஆற்றங்கரையில் வாத்து மேய்த்துப் பிழைத்தவள் யுட்டா. புருஷனை வெள்ளம் கொண்டுபோன பிறகு, இறகைப் பிடுங்கித் தலையணைக்கு விற்று, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தாள். வாய் மட்டும் அடங்காது.

அந்த வாயால்தான் ஒரு கோடையில் அவள் ஆகன் நகரம் வரை நடக்க வேண்டிவந்தது. பக்கத்து வீட்டு பேலாவின் முட்டைக்கோஸ் பாத்தியில் வாத்துகள் புகுந்தன. பேலா நாயை ஏவிவிட்டாள். நல்ல வாத்து இரண்டு செத்தன. யுட்டா வேலியோரம் நின்று, தெருவே கேட்க, "எந்திரிக்க முடியாம படுக்கையிலயே கெடப்படி நீ!" என்று கத்தினாள்.

அறுவடைக்கு முன்பே பேலா காய்ச்சலில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. யுட்டாவை நேரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றுபோனது. பெண்கள் பிள்ளைகளைப் பாவாடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஆகனில் மாதாவின் அங்கியை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். அந்த வருஷம் அது வந்தது. அங்கியின் அருளை அக்காவுக்குப் பிடித்துவர, பேலாவின் தங்கை ஹில்லா முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றோடு கிளம்பினாள். யுட்டாவும் பின்னாலேயே போய் நின்றாள்.

"நீ எதுக்குக்கா? அங்கயும் யாரையாவது சபிக்கவா?"

"திட்டிக்கோ. வழியெல்லாம் திட்டிக்கிட்டே வா. நானும் வரேன்."

அவர்கள் போய்ச் சேர்ந்தது காட்சியின் கடைசி நாள். சுற்றியிருந்த வீடுகளின் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டு அங்கேயும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். கோயில் கோபுரத்தின் மாடத்தில் குருக்கள் அங்கியை விரித்துத் தொங்கவிட்டதும் கூட்டம் ஒரே குரலாக அழுதது. கொம்புகள் ஊதின. எல்லாக் கைகளும் கண்ணாடியோடு உயர்ந்தன. ஹில்லாவும் தகரச் சட்டம் போட்ட தன் சின்னக் கண்ணாடியைத் தலைக்கு மேல் பிடித்தாள். அங்கியின் ஒளி அதில் இறங்கியதும் பார்க்காமலே துணியில் சுற்றினாள். இனி நோயாளிதான் அதை முதலில் பார்க்க வேண்டும். வேறு யார் பார்த்தாலும் அருள் அவரிடம் போய்விடும்.

கூட்டம் கலையும்போது ஹில்லாவின் செருப்பு வார் அறுந்தது. "ஒரு நிமிஷம் பிடிக்கா" என்று கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். கழுதைக்காரன் ஒருவன் யுட்டாவின் முதுகில் இடித்தான். கண்ணாடி கல்தரையில் விழுந்து, துணி அவிழ்ந்து உருண்டது.

யுட்டாவுக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து எடுத்து, உடைந்துவிட்டதா என்று பார்த்தாள்.

உடையவில்லை. உள்ளே அவளுடைய முகம்தான் இருந்தது.

ஹில்லா நிமிர்ந்து பார்த்தாள். கோபுரத்தில் அங்கியை மடித்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"பாத்துட்டியா?"

"உடைஞ்சிடுச்சோன்னுதான்..."

"பாத்துட்டியா, இல்லையா?"

"பாத்துட்டேன்டி."

ஹில்லா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சபித்தது போதாதென்று மருந்தையும் தின்றுவிட்டாளே என்றாள்.   யுட்டா தன் சால்வையை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா பண்ற?"

"கண்ணாடியில இருந்தது எங்கிட்ட வந்துடுச்சுன்னா, அது இப்ப எங்கிட்டத்தானே இருக்கு? நான் வேற யாரையும் பாக்க மாட்டேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ. உங்கக்காவைப் பாத்துக் குடுத்துடறேன்."

ஹில்லா மூக்கைத் துடைத்தாள். எழுந்தாள். கையைப் பிடித்தாள்.

திரும்பும் வழி முழுக்க யுட்டா குருடியாகவே நடந்தாள். முழங்கால் இரண்டும் சிராய்த்தன. கஞ்சி வாயில் பாதியும் மார்பில் பாதியும் போனது. எதிரே வந்த யாத்திரிகர்கள் சிரித்தார்கள். "என்னம்மா, அங்கியைப் பாக்கப் போயி கண்ணையே காணிக்கையா குடுத்துட்டியா?" என்றான் ஒருவன். வேறு சமயமாக இருந்தால் அவன் பரம்பரையே நாறியிருக்கும். யுட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாம போறதுக்குள்ள பேலா செத்துகித்துப் போயிருந்தா?" என்று ஹில்லா மெதுவாகக் கேட்டாள்.

"வாயைக் கழுவுடி. வேகமா நட."

பேலாவின் வீட்டுக்குள் காய்ச்சல் வாடை அடித்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. யுட்டா தடவித் தடவிப் போய்க் கட்டிலருகே மண்டியிட்டாள். ஹில்லா சால்வையை அவிழ்த்தாள். வெளிச்சம் குத்தியது. கண்ணீர் வழிந்தும் யுட்டா இமைக்கவில்லை. இமைத்தால் சிந்திவிடுமோ என்று பயம்.

பேலாவின் கண்கள் மூடியிருந்தன.

"தொறடி. ஏய் பேலா, கண்ணைத் தொற. எவ்வளவு நேரம்டி இப்படியே வெச்சிருப்பேன்?"

மெல்ல இமைகள் பிரிந்தன. பேலா வெகுநேரம் பார்த்தாள்.

"நீயா?" என்றது வறண்ட குரல். "சாகறப்பவும் உன் மூஞ்சியத்தான் பாக்கணும்னு எழுதியிருக்கா?"

"பேசாம பாரு. உன்னோடதுதான், எடுத்துக்கோ. நான் அன்னிக்குச் சொன்னதையும் திருப்பி எடுத்துக்கறேன்."

"என் நாய் ரெண்டைத்தான் கொன்னுச்சு. நீ ஊரெல்லாம் நாலுன்னு சொன்னியாமே."

"சரி, ரெண்டுதான். பாருடி."

பேலா பார்த்தாள். பிறகு தூங்கிப்போனாள். விடியும் நேரத்தில் அவளுக்கு வேர்த்தது. போர்வை நனைந்து, நெற்றி குளிர்ந்தது. கண் விழித்தவள் முதலில் கேட்டது கோஸ் சூப். ஹில்லா அழுதுகொண்டே அடுப்பு மூட்ட ஓடினாள்.

அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் எத்தனையோ நோயாளிகளை யுட்டாவிடம் கூட்டிவந்து, ஒரு தடவை பார்க்கச் சொன்னார்கள். "மொத்தத்தையும் அவளே குடிச்சிட்டா, போங்க" என்று விரட்டிவிடுவாள். ஆனால் கிணற்றடிக்கு அவள் வந்தால் இப்போது பேச்சு நிற்கவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது.

அதெல்லாம் பின்னால் நடந்தது. காய்ச்சல் விட்ட அந்தக் காலையில், பேலா இரண்டாவது கிண்ணம் சூப் கேட்கும் சத்தம் காதில் விழுந்ததும், யுட்டா கட்டில்காலில் தலையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே குறட்டைவிட ஆரம்பித்தாள்.